அண்ணை நெஞ்சில் கிடந்த பொத்தான்

மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். மாமி வீட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே கால் வைத்ததும் என் கைப்பைக்குள் கிடந்த டப், வேலைக்கென்று தந்த சின்னத் தொடுதிரைக் கணினி, ‘டிங்’ என்று ஒருதரம் அடித்தது. யாரோ ஒரு சுழியோடி பக்கத்தில் நிற்கிறார் என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் றொகான் மூன்று கிழமைக்குப் பிறகு அன்றுதான் கடலுக்குப் போய் வந்திருந்தார். அவராகத்தான் இருக்கும் என்று நினைத்து, செருப்பைக் கழற்றியபடியே டப்பை எடுத்துப் பார்த்தேன்.

பச்சை விளக்குக்குப் பக்கத்தில் இருந்த பெயர் றொகான் இல்லை. றஜிந்தன்.

றஜிந்தன் என் வீட்டுக்காரரின் அண்ணன். அவரைச் சவக்காலையில் அடக்கம் செய்தாயிற்று. சரியாக எண்ணினால், செத்த நாளிலிருந்து அன்று இருபத்திமூன்றாம் நாள்.

இந்த டப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நான் சொல்வது எதுவும் விளங்காது. குருநகரில் கடலட்டை பிடிக்கச் சுழியோடுகிறவர்கள் அவசரப்பட்டு மேலே வந்து கைகால் விழுந்து கிடப்பது புதினம் இல்லை. அதை ஆராய்கிறோம் என்று ஒரு திட்டம் வந்தது. பன்னிரண்டு பேருடைய நெஞ்சில், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு கருவியைத் தோலோடு ஒட்டிவிட வேண்டும். அது இரவு பகலாக நெஞ்சுத் துடிப்பையும் தோலின் சூட்டையும் எழுதிக்கொண்டே இருக்கும். தண்ணீருக்குள் இருந்து அதால் எதையும் அனுப்ப முடியாது. சேர்த்து வைத்திருந்து, கரைக்கு வந்து டப்புக்குப் பதினைந்து இருபது அடி கிட்ட வந்ததும் எல்லாவற்றையும் கொட்டும். சார்ஜ் பத்து நாள் நிற்கும். ஒட்டுவது, கழற்றுவது, சார்ஜ் போடுவது, ஆட்களிடம் ஏச்சு வாங்குவது எல்லாம் என் வேலை. ‘என்ன பிள்ளை, நெஞ்சிலை மூட்டைப்பூச்சியை ஒட்டுறாய்?’ என்று கேட்காத ஆள் இல்லை.

செத்தவருடைய பொத்தான் மரண விசாரணைச் சாமான்களோடு எங்கேயோ போய்விட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குசினிக்குள் றொகான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமி மரியநாயகி பக்கத்தில் நின்று மீன் முள்ளு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தா. முப்பத்தைந்து வயது ஆம்பிளைக்கு!

“மாமி, அத்தான்ரை பொத்தான் எங்கை?” என்று கேட்டேன்.

“என்னத்துக்கு இப்ப கத்துறாய்? நெஞ்சிலைதான் கிடக்கு.”

“ஆற்றை நெஞ்சிலை?”

மாமி மகனுடைய சட்டையை இடது பக்கம் விலக்கிக் காட்டினா. அவருடைய சொந்தப் பொத்தான் கிடக்கிற இடத்தில் அத்தானுடையது இருந்தது. ஸ்ரிக்கர்கூட நான் ஒட்டுவதைவிட நேர்த்தியாக ஒட்டியிருந்தது.

மாமி வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடலில் செத்தவனுடைய கழுத்தில் கிடந்த உத்தரியத்தை, நூலில் கோத்த மாதா படத் துணியை, சவப்பெட்டிக்குள் விடமாட்டார்கள். அதைக் கழற்றி வைத்திருந்து, அடுத்த சகோதரன் திரும்பக் கடலுக்குப் போகிற அன்று அவன் கழுத்தில் போடுவார்கள். முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை அது அங்கேதான் கிடக்க வேண்டும். அதுவரைக்கும் செத்தவன் தனியே நிற்கக்கூடாதாம், அண்ணனும் தம்பியும் ஒன்றாக நிற்க வேண்டுமாம். றஜிந்தன் அத்தானுடைய உத்தரியம் முதலே நூல் அறுந்து தொலைந்துவிட்டது. ஆசுப்பத்திரியில் உடம்பைத் துடைக்கும்போது மாமி தேடியிருக்கிறா. கழுத்தில் ஒன்றும் இல்லை. நெஞ்சில் இந்தப் பொத்தான் இருந்தது. அதைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்துவிட்டா.

“அது உத்தரியம் இல்லை மாமி. அது மெசின். சார்ஜ் போட்டு ஓடுறது.”

“அவன்ரை சீவன் போகேக்கை அவன்ரை நெஞ்சிலை கிடந்தது. எனக்கு அது காணும்.”

றொகானைப் பார்த்தேன். அவர் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “எட்டு நாள்தானே லவீ. அண்ணையைத் தனிய விட்டிட்டு மேலை வந்தனான். இதையாவது செய்யிறன்.”

அண்ணனும் தம்பியும் சோடியாகத்தான் இறங்குவார்கள். அன்று இவருக்குச் சிலிண்டரில் காற்று முதலில் முடிந்தது. மேலே போகிறேன் என்று கையைக் காட்டினார். போ, நான் பின்னாலை வாறன் என்று அத்தானும் கையைக் காட்டினார். வரவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து, பழைய வலைத் துண்டொன்றில் கால் சிக்கிக் கிடந்தவரைத் தூக்கி வந்ததும் இவர்தான். அன்றிலிருந்து இந்த மனிசன் வாய்விட்டு அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அதனால் நானும் சரி என்றுவிட்டேன். அந்தச் சரியை நினைத்து இப்போதும் என் தலையில் நானே அடித்துக்கொள்கிறேன்.

இருபத்தைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடல் இல்லை. பூசைக்குப் போய் வந்து, றொகான் எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன்.

கிட்டப் போகும்போதே ஒரு மணம். மீன் மணம் இல்லை, அது எனக்குப் பழக்கம். இது அடிச் சேற்றின் மணம். அதோடு, வாயில் கடித்துக் காற்று இழுக்கிற றப்பரின் மணம்.

அவர் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நீளமாக ஒரு இழுப்பு. கொஞ்சம் நிறுத்தி, நீளமாக ஒரு விடுகை. சுழியோடிகள் தண்ணீருக்குள் அப்படித்தான் விடுவார்கள் என்று அவரே எனக்குச் செய்து காட்டியிருக்கிறார்.

“இஞ்சேருங்கோ, ஏன் வாயாலை மூச்சு விடுறியள்?”

“நானோ?” என்றார். அவருக்கே தெரியவில்லை.

தேத்தண்ணியைக் கொடுக்கும்போது கை பட்டது. பனிக்கட்டி இல்லை, அப்படிச் சொன்னால் பொய். குளித்துவிட்டு ஈரத்தோடு வந்தவரின் கை மாதிரி. விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தேன். மணிக்கணக்காய் ஊறினதுபோலச் சுருங்கி, வெளிறிக் கிடந்தன.

“கடலுக்குள்ளை இறங்கினனீங்களோ?”

“உனக்கென்ன விசரே? கோயிலாலை வந்து இதிலைதானே இருக்கிறன்.”

உள்ளே ஓடிப்போய் டப்பைத் திறந்தேன். தோலின் சூடு இருபத்தெட்டு. கரையில் நிற்கிற ஆளுக்கு அது முப்பத்திமூன்று, முப்பத்துநான்கில் நிற்கும். இருபத்தெட்டு தண்ணீருக்குள் கிடக்கிற உடம்புக்கு மட்டும்தான் வரும்.

இந்த டப்பில் ஒரு வசதி உண்டு. ஒரு ஆளின் இன்றைய கோடு பச்சையில் ஓடும். அவருடைய பழைய கோடு ஒன்றைச் சாம்பல் நிறத்தில் பின்னால் போட்டு ஒப்பிடலாம். றஜிந்தன் அத்தான் கடைசியாகப் பொத்தான் ஒட்டிக்கொண்ட ஒன்பது நாட்களை எடுத்துச் சாம்பல் நிறத்தில் போட்டேன். சாம்பல் கோட்டைக் காணவில்லை. பிழையாக அமத்திவிட்டேனோ என்று திரும்பவும் போட்டேன். காணவில்லை. படத்தை விரல்களால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அது பச்சைக் கோட்டுக்குக் கீழே அப்படியே மறைந்து கிடந்தது.

முதல் நாள். இரண்டாம் நாள். மூன்றாம் நாள்.

ஒரு துடிப்புக்கூட விலகவில்லை.

அந்த மூன்றாம் நாள் இதே நேரம் அத்தான் கடலுக்குள் இருந்திருக்கிறார். பச்சைக் கோடு நின்ற இடத்துக்கு அப்பால் சாம்பல் கோடு தனியே போய்க்கொண்டிருந்தது. விரலால் தள்ளித் தள்ளி அதன் முடிவுவரைக்கும் போனேன். ஒன்பதாம் நாள் முற்பகல் பதினொன்று நாற்பத்திரண்டு. அங்கே அது தரையில் படுத்துவிட்டது. இவருக்கு ஒன்பதாம் நாள் எப்போது என்று விரல் மடித்து எண்ணினேன்.

முப்பத்தோராம் நாள்.

விறாந்தைக்கு வந்து, அவருடைய சட்டையை விலக்கிப் பொத்தானைப் பிடுங்கினேன். “மெல்ல, மெல்ல” என்றார். தோலில் வட்டமாக ஒரு அடையாளம் இருந்தது. பொத்தான் என் உள்ளங்கையில். டப்பில் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. நூற்றுநான்கு, நூற்றைந்து, நூற்றுநான்கு. அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன்.

நூற்றுநான்கு.

அடுத்த நாள் அவரை இழுத்துக்கொண்டு பிரியந்தினி மிஸ்ஸிடம் போனேன். திட்டத்தின் டொக்டர் அவதான். இளம் பிள்ளை, நல்ல பொறுமைசாலி. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தா.

“பயப்பிடாதேங்கோ லவீனா. உது பழைய டேட்டாவைத் திருப்பித் திருப்பி அனுப்புது. மெசின் பழுது, அவ்வளவுதான்.”

“அப்ப இவற்றை கையைப் பிடிச்சுப் பாருங்கோ மிஸ்.”

சிரித்தபடியே பிடித்தா. டப்பைப் பார்த்தா. ஒரு நிமிசம். இரண்டு நிமிசம். சிரிப்பு எந்த இடத்தில் போனது என்று நான் கவனிக்கவில்லை. ஈசீஜீ எடுத்தா, இரத்தம் எடுத்தா, நெஞ்சைப் படம் எடுத்தா. எல்லாம் நல்ல சுகம். ஒரு குறையும் இல்லை.

“கடலுக்கு விடாதேங்கோ. முப்பத்தோராம் நாள் காலமை கூட்டிக்கொண்டு வாங்கோ, வார்ட்டிலை வைச்சுப் பாப்பம்” என்றா.

எனக்குப் பொறுமை இல்லை, அது என் பிறவிக் குணம். வரும் வழியில் ஓட்டோவை மறித்து இறங்கி, படகு கட்டுகிற ஜெட்டிப் பாலத்தின் நுனிவரை நடந்துபோய், அந்தப் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு கடலுக்குள் எறிந்தேன். தொலையட்டும் சனியன் என்று வாய்விட்டும் சொன்னேன். கடைசி வளையமும் அழியும்வரை நின்று பார்த்துவிட்டு டப்பைத் திறந்தேன்.

றஜிந்தன். பச்சை.

கோடு ஓடிக்கொண்டிருந்தது.

தண்ணீருக்கடியில் இருந்து அது அனுப்பாது. அனுப்பவே முடியாது. நான்தானே இத்தனை மாதமாக எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாமிக்கு அன்று பின்னேரமே தெரிந்துவிட்டது. என் தலைமயிரைப் பிடிப்பா என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. குசினி நிலத்தில் அப்படியே குந்திவிட்டா.

“கடலுக்கையோ போட்டனீ?” என்று மெல்லக் கேட்டா. “நெஞ்சிலை கிடந்தவரைக்கும் ரண்டு பேரும் ஒண்டாய் நிண்டவங்கள். எட்டு நாளிலை நானே கழட்டியிருப்பன். நீ பிரிச்சுப்போட்டாய் பிள்ளை. இனி ஒருத்தன்தான் கரையிலை நிப்பான்.”

அந்த வார்த்தைக்கு நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். என் புருசனைச் சாகக் கொடுக்கிற தாயோ நீங்கள் என்றுகூடக் கேட்டேன். ஏசி முடித்துவிட்டு அவவின் மடியிலேயே விழுந்து அழுதேன், வேறு எங்கே போவது?

மிச்ச நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். அத்தான் கடலில் நின்ற நேரமெல்லாம் இவர் வீட்டுக்குள் ஊறினார். அத்தான் நித்திரை கொண்ட நேரம் இவருக்கு, மத்தியான வெயிலானாலும், துடிப்பு ஐம்பத்தைந்துக்கு இறங்கிக் கண் சொருகியது. செபமாலை சொன்னேன். அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தேன். பொத்தானைத் தேடி எடுக்கலாம் என்று சுழியோடி றோயைக் கெஞ்சி ஜெட்டியடியில் இறக்கினேன். இரண்டு தரம் இறங்கி, “சேறுதான் அக்கா” என்றான். மூன்றாம் தரம் இறங்கச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, “வேண்டாம் அக்கா, கேக்காதேங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

றொகானுக்கு எல்லாம் தெரியும். நான் மறைக்கவில்லை. ஒருநாள் என் கன்னத்தைத் தடவி, “நீ என்னப்பா செய்வாய், விடு” என்றார். விடு என்றால் எதை விடுவது?

முப்பத்தோராம் நாள். மாமி பத்தரைப் பூசைக்குக் கோயிலுக்குப் போனா. நாங்கள் வார்ட்டுக்குப் போனோம்.

நல்ல வெளிச்சமான வார்ட். யன்னலுக்கு வெளியே யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு ஐயா தோடம்பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தார். றொகானுடைய நெஞ்சில் ஆசுப்பத்திரி வயர்கள். விரலில் ஒரு கிளிப். பிரியந்தினி மிஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் மடியில் டப்.

பதினொன்று இருபது. துடிப்பு நூற்றுப்பன்னிரண்டு.

பதினொன்று முப்பது. நூற்று இருபத்தாறு. வாயால் மூச்சு. நீள இழுப்பு, நீள விடுகை. இழுப்பு வரவரக் குறுகியது.

“ஒட்சிசன் தொண்ணூற்றெட்டு இருக்கு” என்றா மிஸ். “எல்லாம் நல்லாயிருக்கு. ஒண்டும் குறையேல்லை.” என்னிடம் சொன்னாவோ, தனக்குத்தானே சொன்னாவோ தெரியாது. என்றாலும் மாஸ்க்கைப் போட்டுவிட்டா.

அவர் கால் ஒன்று போர்வைக்குள் உதறியது. எதிலோ மாட்டினதை இழுக்கிற மாதிரி. போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. கணுக்காலில் மட்டும் நூல் நூலாகச் சிவந்த தடம்.

“லவீ.”

“இஞ்சைதான் நிக்கிறன் அப்பா. இஞ்சைதான்.”

“சிலிண்டர் முடியுது, லவீ.”

யன்னல் முழுக்கக் காற்று. மாஸ்க் நிறைய ஒட்சிசன். நான் என் வாயாலும் ஊதினேன். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை.

பதினொன்று நாற்பத்தொன்று. நூற்று நாற்பது.

என் கையை எலும்பு நோகப் பிடித்தார்.

பதினொன்று நாற்பத்திரண்டு.

பிடி விட்டது.

ஆசுப்பத்திரி மெசின் ஒரே சத்தமாகக் கத்தியது. மிஸ் கட்டிலில் ஏறி அவருடைய நெஞ்சை அமத்தினா. நேர்சுமார் ஓடி வந்தார்கள், யாரோ என்னைத் தள்ளினார்கள். சுவரோடு ஒட்டிக்கொண்டு, வேறு பார்க்கத் துணிவில்லாமல், கையில் இருந்த டப்பைப் பார்த்தேன்.

சாம்பல் கோடு அந்த இடத்தில் நின்றது. பச்சைக் கோடு நிற்கவில்லை.

ஒன்பது நாளில் முதல்தடவையாக அது தன்பாட்டில் போனது. எண்பது. எழுபத்துநாலு. எழுபது. “நிக்கேல்லை மிஸ்! நிக்கேல்லை! ஓடுது!” என்று கத்தினேன். அதேநேரம் ஆசுப்பத்திரி மெசினும் ‘பிப்’ என்றது. இன்னொரு தரம். இன்னொரு தரம். மிஸ் வியர்த்துப்போய்க் கட்டிலால் இறங்கினா. றொகான் இருமினார். மூக்கால் மூச்சு விட்டார். கண்ணைத் திறந்தார். கையைத் தொட்டேன், சூடு. நல்ல, கரையில் நிற்கிற மனிசனின் சூடு. இயேசுவே, மரியாயே என்று அவருடைய கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு குளறினேன்.

அவர் அந்தக் கையை மரியாதையாக, கூச்சத்தோடு, என்னிடமிருந்து இழுத்துக்கொண்டார்.

“தங்கச்சி, ஏன் அழுறியள்?”

என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர் உலகத்தில் ஒருவர்தான். கலியாணமாகி வந்த அன்றிலிருந்து றஜிந்தன் அத்தான் என் பெயரைச் சொன்னதே இல்லை.

“தம்பி எங்கை?” என்று வார்ட்டைச் சுற்றிப் பார்த்தார். “அவன் இன்னும் மேலை வரேல்லையோ?”

மூளைக்குக் காற்றுப் போகாத நேரத்தில் இப்படித் தடுமாறும், நாளடைவில் சரிவரும் என்று மிஸ் சொன்னா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பூசை முடிந்து மாமி கறுப்புச் சேலையோடு வந்தா. “அம்மா, பசிக்குது” என்றார் அவர். மாமி அவருடைய முகத்தை நாடியில் பிடித்து நெடுநேரம் பார்த்தா. பிறகு கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனா. அன்று பின்னேரம் கணவாய்க் கறியோடு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாராம். என் வீட்டுக்காரர் கணவாய் வாயில் வைத்தால் உடம்பெல்லாம் தடித்துவிடும். இவருக்கு ஒன்றும் செய்யவில்லை. என்னைத் தெருவில் கண்டால் நின்று, சாப்பிட்டீங்களோ தங்கச்சி என்று விசாரிக்கிறார். நல்ல மனிசன், எப்போதும் நல்ல மனிசன்தான். அவர்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை, அது என் புருசனுடைய முகம்.

மிஸ் திட்டத்தை மூடிப் பொத்தான்களை வாங்கிக்கொண்டு போய்விட்டா. டப் தொலைந்துவிட்டது என்று நான் பொய் சொன்னேன்.

சார்ஜ் பத்து நாள்தான் நிற்கும். பொத்தானைக் கடலில் எறிந்து இன்றோடு நாற்பத்தாறு நாள். துடிப்பு அறுபத்தொன்று, தோலின் சூடு இருபத்தெட்டு. இரவிலும் அதுதான், பகலிலும் அதுதான். ஒவ்வொரு நாளும் ஜெட்டி நுனியில் போய் இருக்கிறேன். முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். றொகான், இஞ்சேருங்கோ, நான் லவீ. கூப்பிட்டதும் கோடு ஏறியது. எண்பது, நூறு, நூற்று இருபது, நூற்று நாற்பது. மேலே வரத் தவிக்கிறார். நூற்று நாற்பதுக்கு மேல் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, சத்தம் போடாமல் இருந்து பார்த்துவிட்டு வருவேன்.

இன்று காலமை செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு, ஜெட்டிப் பலகையில் ஒரேயொரு அடி வைத்தேன்.

அறுபத்தொன்று, தொண்ணூற்றுநாலு ஆனது.